ஆடுகிறவர்களை உட்காரச் சொல்லும் வேலை

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற ஆளிடம் போய் “கொஞ்சம் உட்காருங்கண்ணே” என்று சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான்.

பந்தி வாசலில் நின்று “முதல் பந்தி எந்திரிக்கட்டும்” என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவர்கள், கல்யாண மண்டபத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மாமன் மச்சானிடம் முறைப்பு வாங்கியவர்கள், திருவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தடுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்கிற ஆள் ‘உம்’ கொட்டாவிட்டால் கதை பாதி வழியில் படுத்துக்கொள்ளும் என்று எங்கள் தாத்தா சொல்வார். அதனால் அங்கங்கே ‘உம்’ கொட்டிக்கொண்டே வாருங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்துக்கு வந்தேன். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து, அடுத்த கம்பெனி கூப்பிடுகிற வரைக்கும் என்று தயாளன் சாரிடம் சேர்ந்தேன். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற ஷிப்ட் பஸ்கள் அவருக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்து, நடுவில் இருந்த சீட்டையெல்லாம் கழற்றி, ஓரமாக எதிரும் புதிருமாகப் போட்டார். கூரையில் கலர் லைட், பின்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு லைட்டைப் போட்டால் உள்ளே திருவிழா. முதல் தடவை போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. ஒரகடம் சுற்று வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்ட்டி பஸ் பார்த்ததில்லை.

டிரைவர் ஏழுமலை அண்ணன், வாலாஜாபாத்காரர். நான் படிக்கட்டுப் பக்கம் நிற்கிற ஆள். லைட், பாட்டு, கதவு, கண்டிப்பு நான்கும் என் பொறுப்பு. இதில் கண்டிப்புதான் எனக்கு வராது. என் குரல் அப்படி. பக்கத்தில் இருக்கிறவருக்கே பாதிதான் கேட்கும். ஓனர் எங்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை தொடங்கிப் பொங்கல் முடிகிற வரைக்கும் சோதனை ஓட்டம். நடுவில் ஒருத்தருக்கு அடிபட்டாலும், ஒரு புகார் வந்தாலும், லைட்டையெல்லாம் கழற்றிவிட்டு பஸ்ஸையும் ஏழுமலை அண்ணனையும் பழையபடி ஷிப்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் அண்ணன் ஒரே ஒரு சட்டம் வைத்தார். வண்டி நின்றால் ஆட்டம். வண்டி உருண்டால் எல்லாரும் உட்காரணும்.

மைக் பிடித்தவன் பாடித்தான் ஆகணும்

முதல் சவாரி ஆயுத பூஜை அன்று. வல்லம் வடகாலில் ஒரு உதிரி பாகக் கம்பெனிப் பையன்கள். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் சட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டு ஏறினார்கள். பஸ்ஸுக்கு முன்னால் வாழைக்கன்று கட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினோம். தார் போட்ட ரோடு இருக்கிறது, இன்னும் கம்பெனி வரவில்லை என்கிற மாதிரி காலி இடங்கள் அங்கே நிறைய உண்டு. அதில் ஒன்றில் நிறுத்திப் பாட்டைப் போட்டோம். என்ன ஆட்டம் தெரியுமா? பொரி கூரை வரைக்கும் பறந்தது. எனக்கே கால் நிற்கவில்லை.

வண்டி கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. உட்காருங்கள் என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தர் காதிலும் போய்ச் சொன்னேன். ஒருத்தரை உட்கார வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனால் முன்னவர் எழுந்துவிடுகிறார். கடைசியில் அவர்களே இரக்கப்பட்டு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணன்மார்களே, வண்டி கிளம்பப் போகுது” என்று ஆரம்பித்ததும் ஒரே கைதட்டல். பாடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சோகப் பாட்டு வேண்டாம், குத்துப் பாட்டு பாடு என்று விண்ணப்பம் வேறு. ஏழுமலை அண்ணன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, உக்கார சொல்றியா, தாலாட்டு பாடறியா?”

கொறட்டை ரூட்

அந்த ஓனர் மிரட்டலுக்கு அண்ணன் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஷிப்ட் பஸ் என்றாலும் அதே சம்பளம்தானே. சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்கும்போது கேட்டேன். அதே சமயம் பக்கத்தில் ஒருத்தர் பன்னை டீயில் முக்கிக்கொண்டே அண்ணனைப் பார்த்து, நீங்கள் எந்த ரூட் ஓட்டுகிறீர்கள் என்று விசாரித்தார். அண்ணன் சிரித்துவைத்தார். அந்த ஆள் போனபிறகு சொன்னார், இத்தனை வருஷமாக அந்த ஆளை வீட்டு முனையில் ஏற்றி, கம்பெனி வாசலில் இறக்கிவிட்டது தான்தானாம்.

ஏறுகிறவர் கண்ணை மூடியபடி ஏறுவார், சீட்டில் விழுவார், இறங்கும்போதும் பாதிக் கண்தான் திறந்திருக்கும். இந்தப் பக்கம் ஷிப்ட் பஸ் என்றால் அப்படித்தான். ஓ.டி. என்று கூடுதல் நேரமும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் வரிசையாகத் தொங்குகிற தலைகள். நல்லதாக ஒரு வளைவு ஓட்டினாலும் பார்க்க ஆள் இல்லை. இப்போதுதான் கண்ணாடியில் முழித்திருக்கிற முகங்களைப் பார்க்கிறாராம். ஒரு பையன் போகும்போது “சூப்பரா ஓட்டுறீங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதைச் சொல்லும்போது அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“பொண வண்டில கூட பின்னால நாலு பேர் முழிச்சிகினு அழுவான் தம்பி. என் வண்டில கொறட்ட மட்டும்தான்.”

ஊதியது யார்

பஸ்ஸுக்குள் பிறந்த நாள் கொண்டாட்டம் என்றாலே எனக்குப் பயம். கேக் மட்டும் வந்தால் பரவாயில்லை. கூடவே கொத்தாக மெழுகுவர்த்தி வரும். அதோடு டப்பாவில் அடைத்த பனி நுரை வரும். நுரையை எரிகிற திரி மேல் அடித்தால் குப்பென்று தீப்பிடிப்பதை ஒரு ரூமில் நானே பார்த்திருக்கிறேன். ஒருத்தன் புருவம் போனது. ஜன்னலில் துணித் திரை தொங்குகிற பஸ்ஸுக்குள் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்குப் பிறந்த நாள்காரர் வெல்டிங் ஷாப்பில் லீடர். கத்தியை வாங்கிக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிறார். திரியைக் கொளுத்திவிட்டார்கள். நாலு பக்கமும் நுரை டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நாலு பேர். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்வது என் காதுக்கே எட்டவில்லை. ஒருத்தர் விரல் அழுத்தப் போவதைப் பார்த்தேன். வேறு வழி தெரியாமல் கூட்டத்துக்குள் தலையை விட்டு, கேக்குக்கு நேராகக் குனிந்து, என் மூச்சு மொத்தத்தையும் கூட்டி ஊதி அணைத்துவிட்டேன். அடுத்த நொடி என் தலையெல்லாம் நுரை. அடுத்தவன் பிறந்த நாளை ஊதின பாவியாக நான் நிற்கிறேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேச்சில்தான் தெரிந்தது, எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்.

“ஊதுனது நீ. அப்போ இன்னைக்கு ஒனக்குத்தாம்ல வயசு கூடிச்சு. வா, வந்து கேக்க வெட்டு.”

எந்த ஸ்டேஷன்

இப்போது சொல்லப் போவதுதான் என் பிழைப்பையே மாற்றியது. பலமாகவே ‘உம்’ கொட்டுங்கள்.

கார் கம்பெனி அசெம்ப்ளி லைன் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்? ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டியதும், வண்டி நல்ல வேகத்தில் போகும்போதே, ஒரு பாட்டுக்கு மொத்தப் பேரும் எழுந்துவிட்டார்கள். பஸ் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது. பாட்டையாவது நிறுத்துவோம் என்று பதற்றத்தில் சுவிட்ச் போர்டில் கையை வைத்து மெயினையே அணைத்துவிட்டேன். பாட்டு நின்றது. கலர் லைட்டெல்லாம் போனது. கூரை நடுவில் இருந்த சிவப்பு லைட் மட்டும் தனி ஒயரில் வருவதால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் திட்டு வாங்கத் தயாரானேன். நடந்ததே வேறு. தூக்கிய கை தூக்கியபடி எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒரே நேரத்தில் தலையை உயர்த்தி அந்த லைட்டைப் பார்த்தார்கள். ஒருத்தர் கவலையாக, “எந்த ஸ்டேஷன்?” என்று கேட்டார். மற்றவர்கள் கையைக் கீழே போட்டுவிட்டு, சத்தம் போடாமல் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் தாங்கள் பஸ்ஸில் இருப்பது நினைவு வந்து ஒருத்தர் முதுகில் ஒருத்தர் அடித்துச் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். லைனில் எங்கேயாவது கோளாறு என்றால் அந்த ஸ்டேஷன், அதாவது அந்த இடத்து ஆள் தலைக்கு மேலே இருக்கிற கயிற்றை இழுப்பார். சிவப்பு எரியும், லைன் நிற்கும். எல்லாரும் கையை எடுத்துவிட்டு மேலே பார்க்கணும். வருஷக்கணக்கில் அதே பழக்கம். மூளைக்குச் செய்தி போவதற்குள் உடம்பு நின்றுவிடுகிறது. மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னிடம் வந்து கை கொடுத்தான்.

“எங்க சூப்பர்வைசர் நரம்பு பொடைக்கக் கத்துவாரு, அப்பகூட நாங்க இவ்ளோ அழகா உக்காந்ததில்ல ப்ரோ.”

கை தூக்கினால் லீடர் வரணும்

அன்றிலிருந்து எனக்குத் தொண்டை தேவைப்படவில்லை. வண்டி கிளம்பணுமா, மெயினை அணை, சிவப்பைப் போடு. இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி ஆளாக இருந்தாலும் சிவப்புக்கு ஒரு மரியாதை உண்டு. ஏழுமலை அண்ணன் அந்த லைட்டுக்குத் தினமும் சந்தனம், குங்குமம் வைக்க ஆரம்பித்தார்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். தலை நிறைய பூ, கை நிறைய வளையல், வாய் நிறைய பாட்டு. பஸ்ஸில் மல்லிகை வாசமும் சிரிப்புமாக இருந்தது. திரையை ஒதுக்கிவிட்டு ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட, அவள் ஷால் முனை வெளியே பறந்து, பக்கத்தில் வந்த லோடு வண்டியின் கொக்கியை எட்டி எட்டித் தொட்டுக்கொண்டிருந்தது. நான் சிவப்பைப் போட்டேன். அவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு மொத்தப் பேரும் பள்ளிக்கூடம் மாதிரி வலது கையைத் தூக்கினார்கள். அவர்கள் கம்பெனியில் அதுதான் வழக்கமாம். கோளாறு என்றால் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கணும், லீடர் வருவார்.

அங்கே லீடர் என்றால் நான்தான். போய் அந்தப் பெண் பக்கத்தில் நின்று, ஷாலை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். எல்லாப் பெண்களும் மறு பேச்சில்லாமல் ஷாலை முடிந்துகொண்டார்கள். அந்த ஜன்னலோரப் பெண், சிவகங்கைப் பக்கம் போல, முடிச்சை இறுக்கிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னாள்.

“மெல்லமாப் பேசுற லீடர இப்பத்தேன் பாக்குறேன். இவுக லைன்ல ஆள் எடுக்குறாகளா?”

தீராத இளநீர்

பஸ்ஸில் குடிக்கக் கூடாது என்பது ஓனர் வைத்த சட்டம். ஏறும்போதே பையையெல்லாம் பார்ப்பேன். ஒரு ஸ்டோர் சூப்பர்வைசர் உடம்பு சூடு என்று சொல்லி ஒரே ஒரு இளநீரோடு ஏறினார். ஸ்ரீபெரும்புதூரில் ஸ்ட்ராவில் வாய் வைத்தவர் ஒரகடம் தாண்டியும் உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். இளநீர் இன்னுமா தீரவில்லை என்று பணிவாகக் கேட்டேன்.

“நல்ல காயி தம்பி. ஊறிகினே கீது.”

பந்தலுக்கு முன்னால்

கொண்டாட்டம் உள்ளே இருக்கிறவர்களுக்கு. ரோடு எல்லாருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு பந்தல் சொல்லித் தந்தது.

வல்லம் பக்கத்தில் கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. பெயிண்ட் ஷாப் பையன்கள், டார்கெட் முடித்த சந்தோஷத்தில் பாட்டுப் பாடி பஸ்ஸை அதிர வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள், வாய்தான் உட்காரவில்லை. ஒரு வளைவு திரும்பினால் ரோட்டை அடைத்துப் பந்தல். சாவு வீடு. அண்ணன் பிரேக்கில் கால் வைத்த அதே நேரம் நான் மெயினை அணைத்தேன். சிவப்பையும் அணைத்தேன். பையன்கள் கப்சிப். இத்தனை சத்தத்தோடு இழவு வீட்டு வாசலில் வந்து நின்றோமே, இதோ வந்துவிட்டது புகார், முடிந்தது சோதனை ஓட்டம் என்று நினைத்தேன். ஏழுமலை அண்ணன் இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். நான் பின்னால் போனேன்.

இறந்தவருடைய மகன் எழுந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பஸ்ஸை ஒரு முறை பார்த்தார், ஜன்னலில் பயந்து போய் எட்டிப் பார்த்த பையன்களைப் பார்த்தார். ஓரத்தில் மேளக்காரர்கள் ஆட ஆளில்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் இளவட்டமெல்லாம் ஷிப்டுக்குப் போயிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுப் பையன்கள் ஒவ்வொருத்தராக இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, இறந்த பெரியவருக்கு முன்னால் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பஸ்ஸுக்குள் அப்படி ஒருநாளும் ஆடவில்லை. மகன் சொன்னது இதுதான்.

“எங்க அப்பாருக்கு ஆட்டம்னா உசுரு. உள்ள உக்காந்துகினு இன்னா பண்றீங்கோ, எறங்கி வாங்கப்பா.”

தலைப்பொங்கல் மாப்பிள்ளை

இப்படியாகப் பொங்கலைத் தொட்டுவிட்டோம். ஒருத்தருக்கும் கீறல் இல்லை, ஒரு புகாரும் இல்லை. காணும் பொங்கல் ஒன்றுதான் பாக்கி. அன்றைக்குச் சவாரி யார் தெரியுமா? ஓனர் தயாளன் சாரே. மகளுக்குத் தலைப்பொங்கல். புது மாப்பிள்ளை வந்திருக்கிறார். சொந்த பந்தம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் பாலாற்றங்கரைக்குப் போய்ப் பொழுதைக் கழிக்கிற திட்டம். புளியோதரை, கரும்பு, கூட்டாஞ்சோற்றுப் பாத்திரம் எல்லாம் ஏறியது. தலைப்பொங்கல் மாப்பிள்ளை என்றால் சும்மாவா? முறுக்கு கொஞ்சம் நமுத்திருந்தாலும் அவர் முகத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். இந்த மாப்பிள்ளையும் என்னை மாதிரி, வாய் திறக்காத ஆள். மாமனார் கையைப் பிடித்து இழுத்ததால் எழுந்து, ஓரமாக லேசாகத் தோளை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி உருண்டது. யாரும் உட்காரவில்லை. ஓனரைக் காணோமே என்று பார்த்தால் என் இடத்தில், படிக்கட்டில் நிற்கிறார். கதவைத் திறந்துவிட்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் துண்டைச் சுழற்றி ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்கிறார். அந்தக் கதவுக்குப் பூட்டு சரியில்லை, வண்டி குலுங்கினால் தானாக ஆடும். மாற்றச் சொல்லி ஏழுமலை அண்ணன் அவரிடம் பல தடவை கேட்டிருந்தார். காணும் பொங்கல் கூட்டம், பின்னால் ஹாரன் மேல் ஹாரன், ஒதுங்கவும் இடமில்லை. அண்ணன் வேகத்தைக் குறைத்தார். குறைத்ததற்கு ஓனர் படியிலிருந்தே அதட்டினார், சம்பந்தி வீட்டார் எதிரில் மாட்டு வண்டி மாதிரியா ஓட்டுவாய் என்று. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வரிசையாகத் தொங்குகிற தலைகள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. சொல்லாவிட்டால் ஓனர் விழுவார், சோதனை முடியும். சொன்னால் ஓனர் கோபிப்பார், அப்போதும் சோதனை முடியும்.

மெயினை அணைத்தேன். சிவப்பைப் போட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்களில் யாரும் லைனில் நின்றவர்கள் இல்லை. விவசாயம், வியாபாரம், வீடு. சிவப்பு நன்றாக இருக்கிறது, அப்படியே விடு என்றாள் ஒரு அத்தை. பாட்டு நின்றால் என்ன என்று பாத்திரத்தைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது. நல்ல வேளை, பஸ்ஸில் ஒரே ஒருத்தருக்கு அந்த லைட் புரிந்தது. மாப்பிள்ளை கார் கம்பெனியில் லைன் ஆள். தோளை ஆட்டிக்கொண்டிருந்தவர் டக்கென்று நின்றார், மேலே பார்த்தார், பேசாமல் போய் சீட்டில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

பாத்திரத் தாளம் நின்றது. “மாப்ள உக்காந்துட்டாரே” என்று ஒரு குரல். யார் என்ன சொன்னது, கரும்பு கொடுத்தீர்களா, முதலில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஆளாளுக்கு விசாரணை. அவர் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு பேசக் கூடாதென்று எல்லாரும் மளமளவென்று உட்கார்ந்தார்கள். செய்தி படிக்கட்டுக்குப் போனது. தயாளன் சார் துண்டைச் சுழற்றுவதை விட்டுவிட்டு, மகள் வாழ்க்கையே போனது போல உள்ளே ஓடிவந்து மாப்பிள்ளை முன்னால் குனிந்தார். அவர் வந்து நின்ற மறு நொடி, சுண்ணாம்பு அடிக்காத ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. திறந்திருந்த கதவு வெளியே விரிந்து, திரும்பி வந்து, அவர் அதுவரை நின்ற படியில் படாரென்று அறைந்தது. கம்பி அதிர்கிற சத்தம் கடைசி சீட் வரை கேட்டது. அவர் கதவைப் பார்த்தார், கூரையில் லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை என்ன கோபம் என்று கேட்டவர்களுக்கு, “கோவமெல்லாம் இல்ல மாமா, லைன் நின்னுச்சு, உக்காந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓனர் அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“அடிபட்டா லைட்ட கழட்டுவேன்னு சொன்னேன்ல. லைட்டு அப்டியே கீட்டும். மொதல்ல அந்தக் கதவ கழட்டு.”

திரும்பும்போது

பாலாற்று மணலில் பஸ்ஸை நிறுத்தி, ஸ்பீக்கரை வெளியே பார்த்துத் திருப்பி வைத்தோம். ஓனர் ஆடினார், அத்தை ஆடினாள், மாப்பிள்ளைகூட ஒரு சுற்று வந்தார். ஏழுமலை அண்ணனையும் என்னையும் இழுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக நான் ஆடினேன், என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வெயில் தாழக் கிளம்பினோம். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பினேன். சிவப்பைப் போட வேண்டிய அவசியமே இல்லை. புளியோதரையும் ஆட்டமும் சேர்ந்து அடித்த அடியில், ஓனர் மாப்பிள்ளை தோளில் சாய்ந்து கொறட்டை விட, அதற்கு அத்தை பின்பாட்டுப் பாட, பஸ் முழுக்க வரிசையாகத் தொங்குகிற தலைகள். அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கியரை மாற்றிக்கொண்டே, அவர்கள் தூக்கம் கலையாத குரலில் என்னிடம் சொன்னார்.

“இன்னா லைட்டு போட்டு இன்னா தம்பி, நம்ம ஜாதகம் கொறட்டதான். நீயாவது முழிச்சிகினு இரு, ஒரு நல்ல வளைவு வருது.”

ஆகவே என் சொந்தக்காரர்களே, ஆடுகிறவர்களை உட்கார வைக்க உரத்த தொண்டை எதற்கு, தலைக்கு மேலே ஒரு சிவப்பு லைட்டும், கோபித்துக்கொண்டாரோ என்று ஊரே பயப்படுகிற ஒரு மாப்பிள்ளையும் இருந்தால் போதும்.